ஜூலியஸின் கஞ்சாப் பாட்டும் பாங்காக்கில் கழிந்த எட்டு நாட்களும்

அறுபது வயதைக் கடந்த ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பப் பதிவேட்டில் நான்கு பக்கங்கள் ஒதுக்க வேண்டும் என்பது என் தந்தையார் வகுத்த விதி. தகுதி பார்த்து ஒதுக்க வேண்டும் என்று அவர் எழுதி வைக்கவில்லை. அந்த ஒரே காரணத்தால் என் அக்காள் அல்போன்சம்மாளின் கணவர் ஜூலியஸ் மரியதாஸுக்கும் நான்கு பக்கங்கள் உரியவை ஆகின்றன.

கீழே எழுதியுள்ளவற்றை மூவரின் வாய்மொழியோடு ஒப்பிட்டுச் சரிபார்த்திருக்கிறேன். ஒருவர் அக்காள். இன்னொருவர் அவர்களுடைய ஒரே மகள் ஜோவன்னா. மூன்றாமவர் ஜூலியஸின் நண்பர் சாகுல் ஹமீது. ஜூலியஸையும் விசாரித்தேன். அவர் சொன்னவற்றில் மற்ற மூவரின் கூற்றோடு ஒத்துப்போனவற்றை மட்டும் சேர்த்துக்கொண்டேன். அவை அதிகம் இல்லை.

ஜூலியஸ் 1962இல் பிறந்தார். முப்பத்து நான்கு ஆண்டுகள் அடுக்குமாடிகளின் மின்தூக்கிகளைப் பழுதுபார்த்தார். அந்த வேலையில் அவர்மீது ஒரு புகாரும் வந்ததில்லை. இதைச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் இனி அவரைப் பாராட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. ஓய்வு பெற்றபின் சிங்கப்பூரின் பொங்கோலில் வசிக்கிறார். வியர்வை காயாத இந்த ஊரில் அவர் முழங்கால் வரை ஏறும் தோல் பூட்ஸும் அகன்ற விளிம்புத் தொப்பியும் அணிந்து வாடிக்கைக் காப்பிக்கடைக்குப் போவார். அமெரிக்கக் கிராமத்து மாட்டிடையர் உடை அது. அவர் வாழ்நாளில் மாட்டைக் கிட்டத்தில் பார்த்தது தேக்காவில், பொங்கலுக்கு முந்தைய வாரம் காட்சிக்குக் கட்டிவைக்கப்பட்டிருந்தபோதுதான். அப்போதும் கயிறு நீளமாக இருக்கிறதா என்று விசாரித்துவிட்டே நெருங்கினார்.

இத்தனைக்கும் காரணம் கண்ட்ரி இசை. இளம் வயதில் கேசட்டுகளில் கேட்டுப் பழகியவர், தாமும் சாகுல் ஹமீதுமாக ஒரு குழு அமைத்தார். இவர் கிட்டார்; அவர் பேஸ் கிட்டார். சாகுல் ஹமீது லிட்டில் இந்தியாவில் பயணப் பெட்டிக் கடை வைத்திருப்பவர், ஐந்து வேளை தொழுபவர், கணக்காகப் பேசுபவர். அப்படிப்பட்டவர் ஏன் இவரோடு இத்தனை ஆண்டு மேடை ஏறினார் என்று கேட்டால், "பழகிட்டோம் லா" என்பார்.

1998இல் ஜூலியஸ் தாமே ஒரு பாட்டு இயற்றினார். அவரைக் கலைஞர் என்று சொல்வதற்கு இன்றுவரை அந்த ஒரு பாட்டுத்தான் ஆதாரம்:

புதன்கிழமை செத்துப்போனேன், பூட்ஸோடதான் பொதச்சாங்க,
பூட்ஸுக்குள்ள இருக்கிறத ராயப்பருதான் மோந்துட்டாரு;
டிக்ளேர் பண்ண ஏதும் இருக்கா? ஒரு பிடி எலதான் ஐயா லா,
நாலு நாளா மோட்சத்தில சம்மனசு யாரும் பறக்கல.

இப்படியே ஏழு கண்ணிகள். செத்தவன் பூட்ஸில் ஒளித்துக் கொண்டுபோன கஞ்சாவால், வாசல் காக்கும் புனித இராயப்பர் முதல் சம்மனசுகளான வானதூதர்கள் வரை மோட்சமே மயங்கிக் கிடக்கிறது. தீர்ப்பு நாளைத் தள்ளி வைக்கிறார்கள். செத்தவனைத் திருப்பி அனுப்புகிறார்கள். இரண்டாம் வரி நீளம், மூன்றாம் வரி அதைவிட நீளம், எந்த வரியிலும் எதுகை இல்லை. ஆயினும் இதை அவர் பிறந்தநாள் விருந்துகளிலும் வெள்ளிவிழாக்களிலும் பாடினார். பிடோக்கில் ஓர் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் நடந்த துக்கத்தில், இறந்தவரின் பெட்டிக்கு எட்டடி தள்ளி நின்று, ஜெபமாலை முடிந்த கையோடு பாடினார். சிரித்தார்கள் என்பதையும் பதிவு செய்கிறேன். துக்க வீட்டுக்காரர்கள் உட்பட.

பாடி முடித்ததும் இளைஞர்கள் சூழ்ந்துகொள்வார்கள். "அங்கிள், நீங்க உண்மையாவே ட்ரை பண்ணியிருக்கீங்களா?" ஜூலியஸ் ஒரு கண்ணை மட்டும் மூடி, "அதெல்லாம் ஒரு காலம் தம்பி" என்பார். அப்படி ஒரு காலம் இருந்ததே இல்லை. அவருக்கு ஆஸ்துமா, சாதாரண சிகரெட்டையே தொட்டவர் அல்லர். அந்த இலைக்காகத் தூக்குமேடை வரை போகும் சட்டம் உள்ள நாட்டில், ஜொகூரிலிருந்து திரும்பும்போது அக்காள் வாங்கிய காய்ந்த கறிவேப்பிலைப் பொட்டலத்தைக்கூட உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடிக்கு முன்பே குப்பைத்தொட்டியில் போட்டவர் அவர். பார்த்திராத இலையைப் பற்றியும் நெருங்கியிராத சாவைப் பற்றியும் இருபத்தைந்து ஆண்டுகள் கைதட்டு வாங்கினார்.

2023ஆம் ஆண்டு நவம்பர் பதினொன்றாம் நாள், சனிக்கிழமை, ஜோவன்னாவின் திருமணம். மணமகன் ஜெரார்ட். பதினொரு மணிக்குத் திருப்பலி. அதற்குச் சரியாக ஒரு வாரம் முன்பு பாங்காக்கில் வெளியூர்ப் பாடகர்கள் கூடும் கண்ட்ரி இசைக் கூட்டம் ஒன்றுக்கு ஜூலியஸ் புறப்பட்டார். அக்காள் தடுத்துப் பார்த்தாள். ஜோவன்னா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"டாடி, என்னை ஆல்ட்டர் வரைக்கும் நீங்கதான் கூட்டிட்டுப் போகணும். திங்கக்கிழமை வந்துருவீங்கதானே?"

"ரெண்டு நாள்மா. போனேன் வந்தேன்."

சாகுல் ஹமீதும் உடன் போனார். ஞாயிறு பிற்பகல், ஆங்கிலத்தில் பொருள் சொன்ன பிறகு, பாட்டு அரங்கேறியது. அந்நகரில் அப்போது கஞ்சாக் கடைகள் தெருவுக்குத் தெரு வெளிப்படையாக நடந்துகொண்டிருந்ததால் கூட்டத்துக்குப் பாட்டின் பொருள் நன்றாகவே விளங்கியது. அரங்கில் காப்பி விற்ற மூதாட்டி மகிழ்ந்து, இருவருக்கும் ஆளுக்கொரு பிஸ்கட் பொட்டலம் கொடுத்தார்.

சாகுல் ஹமீதுக்கு ஒரு பழக்கம் உண்டு. வெளியூரில் எது கொடுத்தாலும் உறையை இருபுறமும் படம் எடுத்துத் தம் மருமகள் அஃப்னாவுக்கு அனுப்புவார். ஹலால்தானா என்று அந்தப் பெண் பார்த்துச் சொன்ன பிறகே வாயில் வைப்பார். அன்றும் அனுப்பினார். "முத்திரை இல்லை மாமா, சாப்பிடாதீங்க" என்று பதில் வந்தது. பொட்டலத்தை ஒதுக்கி வைத்தார். ஜூலியஸ் அவரைக் கேலி செய்தபடி, விடுதி அறையில் காப்பியில் நனைத்து நனைத்துத் தம் பொட்டலம் முழுவதையும் தின்றார். பதினொரு பிஸ்கட்டுகள். எண்ணியவர் சாகுல் ஹமீது.

நான்கு மணி அளவில், உதிர்ந்த தூளைத் துடைக்க உறையைத் திருப்பிய ஜூலியஸ் அப்படியே நின்றுவிட்டார்.

"பாய்."

"என்ன?"

"எதிர்க் கடை போர்டுல என்ன படம் போட்டிருக்கான்?"

"இலை."

"இந்தப் பாக்கெட்டுல?"

"இதுலயும் இலைதான். விரல் விரலா."

"ரெண்டும் ஒண்ணா?"

"எனக்கென்ன தெரியும் லா. நீதான் அதப் பத்திப் பாட்டுப் பாடுறவன்."

அடுத்த மூன்று மணி நேரத்தை சாகுல் ஹமீது மிகவும் தயங்கியே விவரித்தார். ஜூலியஸ் தரையில் படுத்தார். கட்டிலில் படுத்தால் உயரத்திலிருந்து விழுந்துவிடுவாராம். தம் கால்கள் மிகத் தொலைவில் இருப்பதாகச் சொன்னார். வாய் உலர்கிறது என்றார், நெஞ்சு அடைக்கிறது என்றார், பிறகு தாம் இறந்துகொண்டிருப்பதாகவே தீர்மானித்தார். குருவானவரைக் கூப்பிடச் சொன்னார். அந்த ஊரில் தமிழ்க் குருவானவருக்கு எங்கே போவது என்று நண்பர் விழிக்க, பாவங்களுக்கு வருந்திச் சொல்லும் மனஸ்தாப மந்திரத்தையாவது சொல்லிவிடலாம் என்று ஜூலியஸ் தொடங்கினார். இரண்டாம் வாக்கியத்துக்கு மேல் அவருக்கு நினைவு வரவில்லை. ஆகவே சாகுல் ஹமீது கைப்பேசியில் அந்த ஜெபத்தைத் தேடி எடுத்து, ஒவ்வொரு வரியாக வாசிக்க, இவர் தரையில் கிடந்தபடி திரும்பச் சொன்னார்.

"கிட்டார ஜோவன்னாவுக்குக் குடுத்துரு பாய். பூட்ஸ நீ எடுத்துக்க."

"உன் சைஸ் எனக்குப் பத்தாது. தூங்கு."

சாவை ஏழு கண்ணிகளில் நையாண்டி செய்த மனிதர் மாலை ஏழு மணி வரை சாகவில்லை. விழித்தெழுந்து, பசிக்கிறது என்றார்.

அச்சம் அப்போதுதான் தன் உண்மை வேலையைத் தொடங்கியது. வெளிநாட்டில் உட்கொண்டாலும் சிங்கப்பூர்க் குடிமகனுக்கு அது குற்றமே என்று ஜூலியஸ் அறிவார். சாங்கி விமான நிலையத்தில் பிடித்துச் சோதிப்பார்கள், ஓய்வூதியம் போகும், திருமணத்துக்கு முதல் நாள் பெயர் செய்தித்தாளில் வரும் என்று ஒவ்வொன்றாக அடுக்கினார். உடம்பில் முப்பது நாள் தங்கும் என்று எங்கோ படித்தார். ஆகவே முப்பது நாள் பாங்காக்கிலேயே தங்குவது என்று முடிவெடுத்தார். இரு பொட்டலங்களையும் விடுதித் துண்டில் சுற்றி வெளியே எறிந்தார். நண்பரிடமிருந்ததோ திறக்கவே படாத பொட்டலம். திங்கட்கிழமை சாகுல் ஹமீது தனியாகத் திரும்பினார்.

செவ்வாய் காலை அவர் ஜூலியஸின் கிட்டாரைச் சுமந்துகொண்டு பொங்கோல் வீட்டுக் கதவைத் தட்டியபோது நானும் அங்கே இருந்தேன். திருமண வழிபாட்டுக் கையேட்டின் பிழைதிருத்தப் படியைக் காட்டப் போயிருந்தேன். அதன் மூன்றாம் பக்கத்தில், 'மணமகளைப் பீடத்துக்கு அழைத்து வருபவர்: தந்தை திரு ஜூலியஸ் மரியதாஸ்' என்று இருந்தது.

"கிட்டார் வந்துருச்சு. ஆள் எங்க பாய்?" என்றாள் அக்காள். வயிற்றுக் கோளாறு, இரண்டு நாளில் வருகிறேன் என்றுதான் ஜூலியஸ் அவளிடம் தொலைபேசியில் சொல்லியிருந்தார்.

சாகுல் ஹமீதுக்குப் பொய் சொல்ல வராது. "தங்கச்சி, மொதல்ல உக்காருங்க" என்று தொடங்கி அனைத்தையும் சொன்னார். பொட்டலத்தின் படம் தம் கைப்பேசியில் இருப்பதையும் சொன்னார். அக்காள் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பெரிதாக்கினாள், வெகுநேரம் பார்க்கவில்லை.

"இது ஊபி இலை பாய். மரவள்ளி."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"முப்பத்து மூணு வருஷமா வெள்ளிக்கிழம கறி சமைக்கிறதில்ல. இந்த இலையத்தான் தேங்காப்பால் விட்டு ஆக்கிப் போடுறேன். அந்த மனுஷன் ரெண்டு தட்டு சாப்பிடுவாரு. இதுதான் அதுன்னு அவருக்குத் தெரியாது, ஏன்னா ஒரு நாளும் அடுப்படிக்கு வந்ததில்ல."

அஃப்னாவை அழைத்தோம். அந்தப் பெண் உறையின் தாய்லாந்து எழுத்துகளைக் கைப்பேசிச் செயலியில் பெயர்த்துப் படித்தாள். மரவள்ளி மாவு, தேங்காய், சர்க்கரை, உப்பு. வேறொன்றும் இல்லை. அக்காள் உடனே பாங்காக்குக்கு அழைத்து, ஒலியைப் பெரிதாக்கி மேசைமேல் வைத்தாள்.

"என்னங்க, அது மரவள்ளி பிஸ்கட்டு. பாக்கெட்டுல எழுதியிருக்கு. கிளம்பி வாங்க."

மறுமுனையில் ஜூலியஸ் மறுத்தார்.

"இல்ல அல்போன்சா. ஒனக்கு வெளங்காது. நான் அனுபவிச்சேன். ஃபேன் என் பேரச் சொல்லிக் கூப்பிட்டுச்சு."

"பதினோரு பிஸ்கட்ட ஒரே மூச்சுல தின்னா ஃபேன் மட்டுமா கூப்பிடும்?"

"எழுதினதெல்லாம் எழுதினபடியா இருக்கும்? வெளிய ஒண்ணு போட்டு உள்ள ஒண்ணு வைப்பான்."

அச்சம் இங்கே பாதி விளக்கம் மட்டுமே. மறுபாதியை சாகுல் ஹமீதிடமிருந்து பின்னர் அறிந்தேன். திங்கள் காலையிலேயே ஜூலியஸ் அந்த இசைக் கூட்டத்தாரிடம் தம் 'அனுபவத்தை'ச் சொல்லிவிட்டிருந்தார். அவர்கள் எழுந்து நின்று கைகுலுக்கினார்களாம். இருபத்தைந்து ஆண்டுகள் கேள்வியறிவை வைத்துப் பாடியவருக்குக் கடைசியில் ஒரு சொந்த அனுபவம் கிடைத்தது. அதைத் தேங்காய் கலந்த மரவள்ளி மாவு என்று ஒப்புக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. சிறை என்ற அச்சத்தையும் விடவில்லை, அனுபவம் என்ற பெருமையையும் விடவில்லை. இரண்டையும் ஒருசேர வைத்துக்கொள்ள வேண்டுமானால் பாங்காக்கிலேயே இருந்தாக வேண்டும்.

வியாழக்கிழமை மதியம் ஜோவன்னாவே அழைத்தாள். தொடக்கப்பள்ளி ஆசிரியை, குரலை உயர்த்தாமல் பேசுபவள். கையேட்டை மூன்று மணிக்குள் தேக்காவில் உள்ள அச்சகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று நான் பக்கத்தில் காத்திருந்தேன்.

"டாடி, யெஸ் ஆர் நோ மட்டும் சொல்லுங்க. மாமா பேஜ் த்ரீய மாத்தணுமா வேணாமா?"

"டெஸ்ட் ஒண்ணு எடுத்துட்டு வந்துர்றேன்மா. கையில ஒரு பேப்பர் இருந்தா யாரும் எதுவும் கேக்க முடியாது."

"பேப்பர் யாரும் கேக்கல. நான் உங்களக் கேக்கறேன்."

"சனிக்கிழம காலையில நான் அங்க இருப்பேன். ப்ராமிஸ்."

அவள் என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். மூன்றாம் பக்கம் மாறாமல் அச்சுக்குப் போனது.

அவர் சோதனைக்குப் போனது உண்மை. ஆய்வகத்தில் ஒரு மணி நேரத்தில் முடிவு வந்துவிட்டது: உடம்பில் எதுவும் இல்லை. அன்று மாலையே விமானமும் இருந்தது. ஆனால் முடிவு தாய்லாந்து மொழியில் இருந்தது. சாங்கி அதிகாரிகளுக்கு அது எப்படிப் புரியும் என்று கேட்டு, ஆங்கிலத்தில் தட்டெழுதி முத்திரை வைத்துத் தரச் சொன்னார். முத்திரை வைப்பவர் வெள்ளி மாலைதான் வருவார் என்றார்கள். காத்திருந்தார். வெள்ளி மாலை முத்திரை கிடைத்தபோது அன்றைய கடைசி விமானத்துக்கு நேரம் இல்லை. சனி காலை ஏழரை விமானத்தில் ஏறினார்.

சாங்கியில் பத்து ஐம்பதுக்கு இறங்கியவர் அந்தத் தாளை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு குடிநுழைவுக்கு வந்தார். கேட்க அங்கே யாரும் இல்லை. கடப்பிதழை வைத்ததும் தானியங்கித் தடுப்பு திறந்தது. அதற்குப் பின்னும் நேரே வெளியேறாமல், ஓரமாக நின்ற அதிகாரி ஒருவரிடம் போய், "சார், இத நீங்க பாக்கணுமா?" என்று நீட்டினார். அவர் வெளியே போகும் வழியைக் காட்டினார்.

அதே நேரத்தில் ஜோவன்னா ஆலய வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பாடகர் குழு வருகைப் பாட்டை இருமுறை தொடங்கி நிறுத்தியது. பங்குத்தந்தைக்கு ஒரு மணிக்கு வேறொரு திருமணம். பதினொரு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு அவர் வாசல் வரை வந்து, "இன்னும் எவ்வளவு நேரம் மகளே?" என்று மெதுவாகக் கேட்டார். அவள் சாலையை ஒருமுறை பார்த்தாள். நான் முன்னால் வந்தேன்.

"நீங்க வேணாம் மாமா. அம்மா வரட்டும்."

முன்வரிசையிலிருந்து அக்காளைக் கூட்டி வந்தார்கள். அவளுக்கு முழங்கால் வலி. பக்கவாட்டில் சாய்ந்தே நடப்பாள். மகள் தாயைத் தாங்கினாளா, தாய் மகளைத் தாங்கினாளா என்று பின்னாலிருந்து பார்க்கத் தெரியவில்லை. கையில் கையேட்டோடு நின்ற இருநூறு பேரும் மூன்றாம் பக்கத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து இந்த இருவரையும் பார்த்தார்கள்.

நற்கருணை வழங்கும்போது பின்பக்கம் பூட்ஸ் சத்தம் கேட்டது. யாரும் திரும்பவில்லை. ஜூலியஸ் கடைசி வரிசையில், தொப்பியை மடியில் வைத்து அமர்ந்தார். திருப்பலி முடிந்து முற்றத்துக்கு வந்ததும் முதல் ஆளாக மகளிடம் போனார்.

"நெகட்டிவ்மா. பாரு, சீல் இருக்கு."

ஜோவன்னா அந்தத் தாளை வாங்கி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாள். மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஓகே டாடி. போட்டோ எடுக்கறாங்க, வந்து நில்லுங்க. தொப்பி வேணாம்."

விருந்தில் பாடச் சொல்லி யாரோ மேசையைத் தட்டினார்கள். சாகுல் ஹமீது தம் கிட்டாரைக் கொண்டு வரவில்லை என்று சொல்லிவிட்டார். அவருடைய வண்டியின் பின்னிருக்கையில் அது இருந்ததை நான் பார்த்தேன்.

மறுவாரம் ஜூலியஸ் என் வீட்டுக்கு வந்தார். பதிவேட்டில் திருமணப் பக்கத்தை எழுதிவிட்டேனா என்று கேட்டார். எழுதியிருந்தேன். 'மணமகளைப் பீடத்துக்கு அழைத்து வந்தவர்: தாய் அல்போன்சம்மாள்' என்ற வரியைப் படித்துவிட்டு அதன் கீழே விரலை வைத்தார்.

"மச்சான், கீழ ஒரு சின்ன நோட் போட்டுருங்க. 'தந்தை உடல்நலக் குறைவால் வர இயலவில்லை.' அவ்வளவுதான். பேரப்பிள்ளைங்க நாளைக்குப் படிக்கும்ல."

உடல்நலம் பற்றி எழுதுவதானால் மருத்துவச் சான்று வேண்டும், எல்லாருக்கும் அதே விதி என்றேன். அவர் உடனே சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் இட்ட அந்தத் தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். வைத்த பிறகுதான் அவரும் அதை முழுவதும் வாசித்தார். ஆய்வகத்தார் சிரத்தையாகவே செய்திருந்தார்கள். இரத்த அழுத்தம் சரி, சர்க்கரை சரி, சிறுநீரகம் சரி, ஐயத்துக்குரிய பொருள் எதுவும் இல்லை. பொதுநிலை: நலம்.

"சரி, அப்ப வேற ஏதாவது போடுங்களேன்."

மணமகள் படித்துக் கையெழுத்திட்ட பிறகே அந்தப் பக்கம் முடிவாகும். வேறு எது எழுதினாலும் அவளுடைய ஒப்புதல் வேண்டும், அவளிடமே கேளுங்கள் என்றேன். தாளை உறையோடு எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். அவர் மகளிடம் கேட்கவே இல்லை. டிசம்பர் இரண்டாம் நாள் ஜோவன்னா கணவனோடு வந்தாள். பக்கத்தை நிதானமாகப் படித்தாள். ஜெரார்டின் பிறந்த தேதியில் ஒரு திருத்தம் சொன்னாள். தாயின் பெயருக்குக் கீழே கையெழுத்திட்டுவிட்டுப் போனாள்.